சிவப்பு நூல் கட்டிய காய்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் நிறைய உண்டு. அக்காவைப் பற்றி எழுத அவர்களிடம் ஒன்றும் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

அக்கா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனதும் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய் என்னை வளர்த்தார். எனக்குப் படிப்பும் ஏறவில்லை, ஓரிடத்தில் கால் தரிக்கவும் இல்லை. லோரி ஓட்டித் திரிந்தேன். முதலாளி தோட்டத்தை விற்றதும் அக்கா புக்கிட் பெருந்துங்கில் சிறு வீட்டுக்கு வந்தார். சர்க்கரை நோய் ஒரு காலை எடுத்தது. அதன் பிறகு ஆர்க்கிட் வளர்த்தார்.

கடையில் விற்கும் பெரிய பூவை அவர் மதித்ததில்லை. “மூஞ்சி மட்டுந்தான் இருக்குடா தம்பி, நம்ம சொந்தக்காரங்க மாதிரி. கிட்ட போனா ஒன்னும் இல்ல” என்பார். ராசா என்ற ஊரில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கி வந்து நான் கொடுத்த செடியின் பூ சிறியது. காலையில் வீடெல்லாம் மணக்கும். அந்த மணத்தைப் பெரிய பூவில் வரவழைக்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. பல்குத்தும் குச்சியால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் வைப்பார். காய் பிடிக்காது. மறுபடியும் வைப்பார்.

“புள்ளகுட்டி இல்லாதவ பூவுக்குக் கல்யாணம் பண்றா லா!” என்று எங்கள் அத்தை சிரித்தார்.

“ஆமா அத்தை, இந்த மாப்பிள்ளை வீட்டுல சீதனம் கேக்க மாட்டாங்க” என்றார் அக்கா.

கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது. அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டினார். மருத்துவமனையில் என்னைக் கண்டதும், “காய் இருக்காடா?” என்றுதான் கேட்டார்.

இறுதிச் சடங்கன்று நான் வந்து சேர்வதற்குள் செடிகளை மொட்டையடித்துப் பூவையெல்லாம் பெட்டிக்குள் பரப்பியிருந்தார்கள். காய் அக்காவின் கையில் இருந்தது.

“வேண்டுதல் கயிறு கட்டியிருந்துச்சு. அவளோடயே போகட்டும்னு வெட்டி வெச்சேன்” என்றார் அத்தை. எத்தனையோ வருடம் அந்த வீட்டில் தேநீர் குடித்தவர்.

நான் காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

“பொணத்துக் கையில இருந்து பிடுங்குறான் பாரு! தீட்டுடா! வீட்டுக்குள்ள கொண்டு வராத!”

“உங்க வீட்டுக்கு வராது, அத்தை.”

ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அதைப் போத்தலில் சத்துக் கூழ் ஊற்றி விதைக்க வேண்டும். கொள்ளி வைத்த கையோடு, ரவாங்கில் அதைச் செய்யும் சீனப் பெரியவரிடம் போனேன். “மூடா லாகி” என்றார், இன்னும் முற்றவில்லை என்று. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

இப்போது போத்தலுக்குள் பச்சை தெரிகிறது. பூக்கச் சில வருடங்கள் ஆகும். மணக்குமா, தெரியாது. மணக்கும் என்று அக்காவும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அக்காவை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோன பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் அந்தப் பெரியவருக்கும் நன்றி. உறவினர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்களில் சிலர், நினைவாக வைத்துக்கொள்ள நாற்று வேண்டும் என்று இப்போது போன் செய்கிறீர்கள். தீட்டு என்று சொன்னவர்களும் நீங்களே. அந்தத் தீட்டு இன்னும் கழியவில்லை. கடையில் பெரிய பூ விற்கிறது, வாங்கி வையுங்கள். மணக்காது. உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.