சிவப்புக் கோட்டிலேயே ஓட்டிய கார்

குமுளியில் எங்கள் தெருக்காரர்கள் காருக்கு ஊரில் பெட்ரோல் போட மாட்டார்கள். கேரள எல்லை தாண்டி மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் போட்டால் விலை குறைவு. கம்பத்துக்குப் போகும் வேலை வரும்வரை பெட்ரோல் முள்ளைச் சிவப்புக் கோட்டிலேயே வைத்து ஓட்டுவோம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு வாங்கியிருந்தேன்.

ஒரு மாதமாகப் பின் சீட்டுக்கு அடியில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். "வண்டு குடும்பம் நடத்துது, தொந்தரவு பண்ணாதீங்க" என்பேன் ஏறுகிறவர்களிடம். காலையில் நாலைந்து தடவை சாவியைத் திருகினால்தான் எஞ்சின் பிடிக்கும். ஏற்றத்தில் மிதித்தால் கார் விக்கும். "யாரோ நெனைக்கிறாங்க" என்று அதற்கும் ஒரு கேலி. பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு வாய் மட்டும் நன்றாக ஓடும்.

அன்று அக்காவுக்குக் கட்டப்பனையில் தேர்வாணையப் பரீட்சை. கேரள அரசு வேலைக்கானது, தமிழிலேயே எழுதலாம். வயது வரம்பு முடிவதால் அவளுக்கு அதுதான் கடைசி. ஒன்றரைக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன்.

"கலெக்டரம்மா பஸ்ல தொங்கிட்டா போறது? ஏறுங்க மேடம்."

"முள்ளு கீழ கெடக்குடா."

"போயிட்டு வர அளவுக்கு இருக்குக்கா. நாளைக்குக் கம்பத்துல ரொப்பிக்கலாம்."

பாதி வழியில் ஓர் ஏற்றத்தில் கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் அந்தச் சத்தமும் இல்லை. அது ஒரு தடவை கேட்டுவிடாதா என்று இருந்தது.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பின்னாடி சத்தம் வந்துச்சா?"

"ஒரு மாசமா வருதுண்ணே."

"ஏத்தத்துல இழுக்கலையா?"

"ஆமாண்ணே."

"பெட்ரோல் பம்புடா. டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் அதுக்குச் சூடு அடங்கும். நீ சொட்டுச் சொட்டா ஊத்தி வேக வச்சிருக்க. அடியில படுத்து டேங்க ரெண்டு தட்டு தட்டிப் பாரு. அம்புட்டுத்தான் முடியும்."

ரோட்டில் மல்லாந்து படுத்துத் தட்டினேன். அக்கா சாவியைத் திருப்பினாள். பிடித்தது! இரண்டு வளைவு ஏறினோம். மறுபடி நின்றது. அப்புறம் கை சிவக்கத் தட்டியும் அசையவில்லை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. கை நீட்டி மறித்தேன்.

"கட்டப்பனைக்குத்தான். ஆனா வழியில ரெண்டு எடத்துல மூட்டை எறக்கணும். பரவால்லையா?" என்றார் டிரைவர்.

அக்கா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

பரீட்சை ஹாலுக்குள் போனால் போனை அணைத்துவிட வேண்டும். அணைந்திருந்தால் உள்ளே போய்விட்டாள் என்று அர்த்தம். ஒன்றரை வரை காருக்குள் உட்கார்ந்து மணியையே பார்த்தேன். கூப்பிடப் பயமாக இருந்தது. ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டேன்.

ரிங் போனது. உடனே எடுத்துவிட்டாள்.

"வண்டி கெளம்பிருச்சாடா?" என்றாள்.

"இல்லக்கா."



இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.