உறவு இல்லாத இரண்டு பேர்

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலை. வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சணம் உண்டா இல்லையா என்று பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அங்கே ஆள் எடுத்தார்கள். சத்யபிரியா போய், அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டாள். அதுதான் அவள் வாழ்க்கையின் முதல் நேர்காணல். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு உட்காரப் பொறுக்கவில்லை. சீட் காலியாக இருந்தும் சேந்தமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

ஒரே ஒரு படிவம்தான் பாக்கி. அதன் கடைசிப் பக்கத்தில்தான் வந்தது வில்லங்கம். 'உங்கள் வேலையை நேரில் பார்த்த, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும்' என்று கேட்டிருந்தார்கள்.

இதை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் உறவு இல்லாத ஆளுக்கு எங்கே போவது? சேந்தமங்கலத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் கல்லை விட்டெறிந்தால் பெரியப்பா மேல் விழும்; குறி தப்பினால் மாமன் மேல் விழும். அன்று சாயங்காலம் வீடே அந்தப் படிவத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

அவள் அப்பா சின்னண்ணனுக்கு அதில் குழப்பமே இல்லை. போர் போடும் ரிக் வண்டி ஆறு வைத்திருக்கும் தமிழரசுவின் பெயரைப் போடு, சிபாரிசு என்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்றார். தமிழரசு அவருக்கு மச்சான் முறை. அது போக, அவர் சத்யபிரியாவைக் கடைசியாக உற்றுப் பார்த்தது அவளுக்குக் காது குத்திய அன்றைக்குத்தான்.

"சிபாரிசு கேக்கலீங்கப்பா. நான் வேலை செஞ்சதப் பாத்தவங்களக் கேக்கறாங்க" என்றாள் சத்யபிரியா.

அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். மகள் பிடிவாதம் தெரிந்ததால் விட்டுவிட்டார்.

முதல் பெயர் சுலபமாக முடிந்தது. கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடம் அவளைப் பார்த்த அறிவழகன் சாரிடம் கேட்டாள். தாராளமாகப் போடு என்றார். இரண்டாவது பெயருக்கும் அவள் மனதில் ஓர் ஆள் இருந்தாள். சொன்னால் அம்மா எகிறிக் குதிப்பாள் என்று தெரியும். சொன்னாள். அம்மா கண்ணாத்தாள் அப்படியே குதித்தாள்.

அந்த ஆள் மயிலம்மாள், ஊர்ப் பால் சங்கத்தின் தலைவி. சத்யபிரியா அந்தச் சங்கத்தில் இரண்டு வருடமாகக் காலை வேளையில் பால் பார்க்கிறாள். உறுப்பினர்கள் கொண்டுவரும் பாலில் பால்மானியை மிதக்கவிட்டு, அது சொல்லும் டிகிரியைக் குறித்துக்கொண்டு ஊற்றச் சொல்வது அவள் வேலை. சங்கத்தின் செயலாளர் ராசு அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. அவர் பெயர் செல்லாது. மயிலம்மாளை அவள் வாய் நிறைய அத்தை என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை, பங்காளியும் இல்லை, உறவு துளியும் கிடையாது.

உறவு இல்லாதது மட்டுமா, பேச்சும் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் மயிலம்மாளின் கேனில் பால்மானியை விட்டாள் சத்யபிரியா. இருபத்தெட்டில் நிற்க வேண்டியது இருபத்து மூன்றில் நின்றது. மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே இருபத்து மூன்று. தண்ணீர் கலந்த பாலில்தான் டிகிரி அப்படி இறங்கும். தலைவி என்றும் பார்க்காமல், வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, இதை ஊற்ற முடியாது அத்தை என்று சொல்லிவிட்டாள். மயிலம்மாள் மாட்டின் மேல் சத்தியம் செய்தாள், பால்மானி மேல் பழி போட்டாள், கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். பால்மானியில்தான் கோளாறு என்று ஊரெல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து வருவாள், ஊற்றுவாள், போவாள், முகம் கொடுப்பதில்லை.

"அவ ஒரு வார்த்தையில உன்ற பொழப்பக் கெடுத்துருவா" என்றாள் கண்ணாத்தாள்.

சத்யபிரியா வெகுநேரம் யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் வேலையை மயிலம்மாள் அளவுக்குக் கிட்ட நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. எழுதிவிட்டாள்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். வேலை கைக்கு வரும்வரை எதற்கு, ஏது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது; கண் பட்டுவிடும். அதனால் மறுநாள் காலையில் மயிலம்மாளிடம் போன சத்யபிரியா, நாமக்கல்லிலிருந்து ஒரு போன் வரும், என்னைப் பற்றி விசாரிப்பார்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள் அத்தை என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பு அடக்கியும் அடங்கவில்லை.

மயிலம்மாள் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். "சரி சாமி" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. சத்யபிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண், முகமெல்லாம் சிவந்து, வெளியூரிலிருந்து என்னை விசாரிக்கப் போன் வரும் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தவழும் குழந்தைக்குக்கூடப் புரியும். வேலை வேலை என்று பறந்துகொண்டிருந்த சத்யபிரியாவுக்குத்தான் அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஆலையிலிருந்து அவளுக்கே போன் வந்தது. பேசியவர் உஷாராணி, ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர். குரலில் சுரத்து இல்லை. உங்கள் சார் நன்றாகச் சொன்னார், சங்கத் தலைவியும் உங்களை அவ்வளவு புகழ்ந்தார், அதுதான் எங்களுக்கு யோசனையாக இருக்கிறது என்றார். சோளம் சரியில்லை என்றால் இருபது டன் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். டிரைவர் கத்துவார், வியாபாரி மிரட்டுவார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண்ணுக்கு அது ஒத்து வராதே அம்மா என்றார். ஐந்து மணிக்கு முடிவு செய்துவிடுவார்களாம்.

எதிர்த்துப் பேசத் தெரியாத பெண்ணா? சத்யபிரியா ஸ்கூட்டியை எடுத்தாள். மயிலம்மாள் வீட்டுக்கு விரட்டினாள், பூட்டு தொங்கியது. அவளுடைய தோட்டங்காட்டுக்குப் போனாள், அங்கேயும் இல்லை. சாயங்காலப் பால் ஊற்றும் நேரம் ஆகிவிட்டது என்று ஸ்கூட்டியைச் சங்கத்துக்குத் திருப்பினாள். அப்போது மணி நாலே முக்கால்.

வரிசையில் எட்டுப் பேர் கேனோடு நின்றார்கள். சித்தப்பா பால் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலம்மாள் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "என்ன சாமி, தேதி குறிச்சாச்சா?" என்றாள்.

சத்யபிரியா விழித்தாள். மயிலம்மாளே பெருமையாகச் சொன்னாள். தீவனக் கம்பெனிக்காரர் வீட்டிலிருந்து ஓர் அம்மா பேசினாராம். வேலை வெட்டி எப்படி என்றாராம். மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்வாள் என்றாளாம் மயிலம்மாள். யாரோடாவது சண்டை சச்சரவு உண்டா என்றாராம். அவள் வாயில்லாப் பூச்சி, தலை நிமிர்ந்து பேச மாட்டாள் என்றாளாம்.

"எம்பாலத் திருப்பி உட்டதப் பத்தி மூச்சு உடல கண்ணு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த முடிக்கோணும்பாங்க. நான் நாலுதான் சொன்னேன்."

சத்யபிரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அது கல்யாணத்துக்கு இல்லை, வேலைக்கு, வாயில்லாப் பூச்சி அவர்களுக்கு வேண்டாமாம், ஐந்து மணிக்கு முடிவு என்று ஒரே மூச்சில் சொன்னாள். மயிலம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த நம்பரப் போடு" என்றாள்.

மயிலம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"ஏனுங்க, பால் சங்கத்து மயிலம்மா பேசறேனுங்க. அன்னைக்கு நான் சொன்னதுல பாதி பொய்யிங்க. பொண்ணு பாக்கத்தான் விசாரிக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படியானால் உண்மை என்ன என்று கேட்டார் உஷாராணி.

"அவ யாருக்கும் பயப்பட மாட்டாளுங்க. நான் இந்தச் சங்கத்துக்குத் தலைவிங்க. எம்பாலையே அத்தன பேரு முன்னால திருப்பி உட்டுட்டா."

உஷாராணி லேசில் விடுகிற ஆள் இல்லை. திருப்பி அனுப்பியது சரிதானா, இல்லை தெரியாமல் அவசரப்பட்டாளா என்று கேட்டார்.

வரிசையே போனை நோக்கிச் சாய்ந்தது. அந்த எட்டுப் பேருக்கும் பால்மானிக் கோளாறுக் கதை மனப்பாடம். ஆமாம், அவசரப்பட்டுவிட்டாள் என்று மயிலம்மாள் சொன்னால் வேலை போயிற்று. சத்யபிரியா வரிசையைப் பார்த்தாள், கையை நீட்டி ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். மயிலம்மாள் அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"தண்ணி ஊத்துனது நானுங்க. அன்னைக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க. காப்பிக்குப் பால் எடுத்துட்டேன், அளவு கொறையுமேன்னு ரெண்டு சொம்பு ஊத்திப்போட்டேன். பால்மானி மேலயும் தப்பில்லீங்க, புள்ள மேலயும் தப்பில்லீங்க."

பிறகு உஷாராணி, "திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு அவங்கள வந்து சேரச் சொல்லுங்கம்மா" என்றார்.

சத்யபிரியா எட்டிப் பிடித்து மயிலம்மாளைக் கட்டிக்கொண்டாள். வேலை கிடைத்தது சந்தோஷமாக இருந்தது. இந்த மனுஷியைப் பார்த்தா பயந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. வரிசையில் எல்லாரும் தங்கள் கேனையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உடு சாமி. இனி ஒரு மாசத்துக்கு ஊருல எம்பேச்சுத்தான்" என்றாள். பிறகு தன் கேனை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.