எழுதாத தாளில் ஒரு கையெழுத்து

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கன்டெய்னர் எண்கள். நூலகத்தைப் பற்றிப் பேச எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றி எழுதப் போவதில்லை. தவிர, அங்கே நூலகத்தை மூடச் சொன்ன தீர்மானத்தில் மூன்றாவதாக இருப்பது என் கையெழுத்து. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவில் இருக்கிறது அந்தப் பள்ளி. அரசு உதவி பெறுவது. முதல் மாடியில் படி முடியும் இடத்தில் நூலகம். பள்ளியிலேயே நல்ல அறை அதுதான். மூன்று ஜன்னல்கள். ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடியும் கரித்தூள் படிந்துவிடும். அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார் நூலகர்.

அவர் காத்திவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நூலகப் படிப்பில் பட்டம் வாங்கியவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் நான் மேடம் என்றே கூப்பிடுவேன். முன்பிருந்த நூலகர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் இவரைத் தற்காலிகமாக வைத்திருந்தது. கழகம் ஒரு தாளில் எழுதினால் வரலாம், இன்னொரு தாளில் எழுதினால் போகலாம் என்ற மாதிரியான வேலை.

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள அவரை அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மகள் ஆறாவது படிக்கும்போது வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "படிப்பு ஏறல சார், வீட்ல கவனிங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு யாரிடமும் திருப்பிக் கேட்கத் தெரியாது. வீட்டில் எப்படிக் கவனிப்பது என்றும் தெரியாது. அடுத்த மாதம் நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். இவரும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அவர் ஒரு நீளமான நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளை, எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்று அதில் எழுத வேண்டும். முழுதாகப் படித்திருந்தால் 'முடிந்தது' என்று எழுத வேண்டும். பாதியில் நிறுத்தினால் திட்டு கிடையாது. திட்டினால் பிள்ளைகள் பொய்ப் பக்கம் எழுதிவிடுவார்களாம்.

"உங்க பொண்ணு எட்டு புக்கு எடுத்திருக்காண்ணா. பாருங்க, பெரிய எழுத்து புக்கெல்லாம் முடிச்சிருக்கா. சின்ன எழுத்துன்னா மூணாம் பக்கம், நாலாம் பக்கம். கதை புடிக்காம நிறுத்தல. அதே கதையைப் பெரிய எழுத்துல குடுத்தேன், ரெண்டு நாள்ல முடிச்சிட்டா. ஒரு தடவை கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

காட்டினேன். இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தாள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். கண்ணாடி போட்ட அன்று என் மகள் டோல்கேட் நிறுத்தம் வரை பஸ் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். பெற்ற எனக்குத் தெரியாதது, அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியைக்குத் தெரியாதது, அந்த நோட்டில் இருந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவர் என்ன செய்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

என் வேலையையும் சொல்ல வேண்டும். மாதவரம் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறேன். வண்டியில் வரும் பெட்டியின் எண் என்ன, எந்த வரிசையில் எத்தனாவது அடுக்கில் இறக்கினார்கள் என்று தாளில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பெட்டி தொலைந்த மாதிரிதான். கண்ணெதிரே இருக்கும், கிடைக்காது. பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன, எழுதுகிற ஆள் எதற்கு என்று யார்டில் யாரும் கேட்பதில்லை.

அங்கே முதல் நாளே சொல்லிவிடுவார்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று. அவசரத்தில் இருக்கும் டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "சைன மட்டும் போட்டுக் குடு மாமு, நம்பர நான் எய்திக்கிறேன்" என்பார்கள். ஒரு நாளும் போட்டதில்லை. இதை நூலகரிடம் ஒரு முறை பெருமையாகச் சொன்னேன். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் என்னிடம் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் குழுவில் என்னைச் சேர்த்தது நான் பேசமாட்டேன் என்பதால்தான் என்று நினைக்கிறேன். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவதால், கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பள்ளியின் கிளார்க் தீர்மான நோட்டில் முக்கால் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே வரிசையாகக் கையெழுத்து வாங்குவார். மேலே பிறகு எழுதிக்கொள்வார். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கேட்டுக்கு பெயின்ட் அடிப்பது என்று எத்தனையோ தாள்களில் அப்படிப் போட்டிருக்கிறேன். யார்டில் செய்யமாட்டாத காரியம். பள்ளிக்கூடம்தானே, அங்கே அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் ஒரு நாள் நூலகர் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனி பள்ளிக்கு டிஜிட்டல் அறை அமைத்துத் தருகிறதாம். அதற்கு மூன்று ஜன்னல் அறைதான் வேண்டுமாம்.

"ரூம் போனா போகட்டும்ணா. கீழ ஒரு ஓரமா இடம் குடுத்தாகூட நான் ஓட்டிடுவேன். என் வேலையையும் சேர்த்து எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. என்னைப் பத்தி நானே போய்ப் பேச முடியாது. நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நோட்டைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் ஒரு டேலி தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். "மெதுவாப் படிப்பா, ஓடாத" என்றாள்.

கூட்டம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு. எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். வாசலிலேயே கிளார்க் நோட்டோடு நின்றார்.

"சைன போட்டுட்டு உள்ள போ நைனா. அப்பால ஒவ்வொருத்தனா கயண்டுகினா நான்தான் தேடிகினு ஓடணும்."

போட்டேன். எனக்கு முன்னால் தலைமையாசிரியரும், மீன் விற்கும் ஓர் அம்மாவும் போட்டிருந்தார்கள். யார்டு பழக்கத்தில் தேதியும் சேர்த்து எழுதினேன்.

முதல் அரை மணி நேரம் கழிவறையிலேயே போனது. மீன் விற்கும் அம்மா விடவில்லை. "கதவுக்குத் தாப்பா இல்லன்னு போன மாசமும் சொன்னேன். ஒரு பொண்ணு உள்ள போனா இன்னொரு பொண்ணு வெளிய காவல் நிக்குது. இன்னா சார், தாப்பா இன்னா கப்பல்லயா வந்துகினு கீது?"

"ஹார்பர்ல விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர், "அடுத்தது நூலக அறை" என்று தொடங்கி, கம்பெனி என்னென்ன தருகிறது என்று வாசித்தார். என் சட்டைப் பையில் தாள் வியர்வையில் நனைந்துவிட்டது. அவர் வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன்.

"என்ன சார், டூட்டிக்கா?" என்றார் அவர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவரு போனாத்தான் சார் கப்பலே கெளம்பும்" என்றார் கிளார்க். மறுபடியும் சிரிப்பு.

"ஆமா சார்" என்றேன். வெளியே வந்துவிட்டேன்.

அப்போது மணி பன்னிரண்டே முக்கால்தான். நிறைய நேரம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, மூன்று பஸ்களை விட்டுவிட்டு, நான்காவதில் ஏறினேன். நான்கு வரியும் மனப்பாடமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நூலகர் ஒரு ஜெராக்ஸ் தாளை என்னிடம் நீட்டினார். நூலக அறையை டிஜிட்டல் அறையாக மாற்றவும், நூல்களை வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும், நூலகப் பொறுப்பாளரின் தற்காலிகப் பணியை இம்மாதத்தோடு முடித்துக்கொள்ளவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, தேதியோடு, தெளிவாக.

"பேசலன்னாகூடப் பரவால்லண்ணா" என்றார். "சம்மதம்னு போட்டிருக்கீங்களே."

"நான் போடும்போது தாள்ல எதுவும் இல்ல மேடம்."

அவர் ஜெராக்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "யார்டுல அப்படிப் போட மாட்டேன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். "என் கையெழுத்தை அடிச்சிடுங்க சார்" என்றேன்.

"நீங்க போட்டது கூட்டத்துக்கு வந்ததுக்கு. அதுக்கும் தீர்மானத்துக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"தீர்மானத்துக்குக் கீழதான சார் என் பேரு இருக்குது?"

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. எனக்கு டீ வரவழைத்தார். "இது யார்டு இல்ல சார், ஸ்கூலு. புத்தகம் எங்கேயும் போகல. இனிமே பிள்ளைங்க வகுப்புக்கே வரும். ஆள் மட்டும்தான் இருக்க மாட்டாங்க. அவ்வளவுதானே?"

ஆள்தான் சார் நூலகம் என்று சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வாத்தியார் இல்லாத வகுப்பை யாரும் வகுப்பு என்று சொல்வதில்லை. டிரைவர் இல்லாமல் நிற்கும் பஸ்ஸில் யாரும் ஏறி உட்கார்ந்து டோல்கேட் வந்துவிடும் என்று காத்திருப்பதில்லை. புத்தக அலமாரியின் பூட்டை மட்டும் திறந்து வைத்தால் போதும், தானாக நடக்கும் என்கிறார்கள். நோயாளிக்கு என்ன வியாதி என்று கேட்காமல் மருந்துக்கடைச் சாவியை அவனிடமே கொடுப்பதைப் போன்றது இது. இதையெல்லாம் எனக்குப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் சொல்லத் தெரிகிறது.

மாதக் கடைசியில் சரிபார்ப்பதற்காக எல்லாப் புத்தகங்களையும் திருப்பி வாங்கினார்கள். என் மகளிடம் ஒரு தடிமனான புத்தகம் இருந்தது. சின்ன எழுத்துப் புத்தகம், அவளாகத் தேர்ந்தெடுத்தது. பாதிதான் படித்திருந்தாள். நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டுக் கொடுத்தாள். கிளார்க் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது லிஸ்ட்லயே இல்ல மேடம்" என்று தள்ளிவைத்தார். "அப்போ என்னோடது" என்று நூலகர் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இப்போது அவர் எண்ணூரில் ஒரு துணிக்கடையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

டிஜிட்டல் அறையை மாலையெல்லாம் போட்டுத் திறந்தார்கள். படம் எடுத்தார்கள். சாமான் திருட்டுப் போகக் கூடாது என்று பூட்டிவைத்திருக்கிறார்கள். புத்தகங்களை எந்த வகுப்புக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. சத்துணவு அரிசிச் சாக்குகளில் கட்டி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டார்கள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனேன்.

"எந்த சாக்குல கீதுன்னு இன்னாத்த சொல்றது?" என்றார் கிளார்க். "எல்லாம் புக்குதான நைனா? வேற ஒன்னு எத்துகினு போ."

மூன்று சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தேன். உப்புக் காற்றில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே இருந்தது, கிடைக்கவில்லை.

போன மாதம் மறுபடியும் கூட்டம். பழைய டேலி தாளையே எடுத்துக்கொண்டு போனேன். கிளார்க் நோட்டை நீட்டினார்.

"மொதல்ல தீர்மானத்தை எழுதுங்க. அப்புறம் போடறேன்" என்றேன்.

"இன்னா நைனா, இன்னிக்குப் புச்சா? பேஜாரு பண்ணாத, போடு."

போடாமல் உள்ளே போனேன். தலைமையாசிரியர் பேசி முடிப்பதற்குள் எழுந்தேன். டூட்டி இல்லை என்று முதலிலேயே சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். என் மகளின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். புத்தகம் சாக்கில் இருப்பதையும், படித்த ஒரு நூலகரை மறுபடி வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஓடத்தான் ஓடினேன், மெதுவாகப் படிக்க வரவில்லை. ஆனால் கடைசி வரி வரை படித்தேன்.

"அவரு சொல்றது கரீட்டு சார்" என்றார் மீன் விற்கும் அம்மா. "அந்தப் பொண்ணு இருந்த வரிக்கும் என் புள்ள வூட்டுல புக்கு வெச்சிகினு குந்தும். இப்ப போனுதான்."

"நல்ல கருத்து. பதிவு செஞ்சுக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

கூட்டம் முடிந்து நோட்டுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம்தான் எழுதுவேன், எழுதி முடித்ததும் கூப்பிடுகிறேன் என்று கிளார்க் சொன்னார். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை ஷிஃப்ட். பஸ்ஸில் போகும்போது வாட்ஸப் குழுவில் கூட்டக் குறிப்பு வந்தது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். நூலகம் பற்றி ஒன்றும் இல்லை. கையெழுத்து இல்லாததால், வராதவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே என் பெயரைப் போட்டிருந்தார்கள்.