கிடாரத்தில் கொதித்த கத்திகள்: முசலிக்கு ஒரு பயணம்

மன்னாருக்குப் போகிறோம் என்றதும் வங்கியில் என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் கருவாடு வாங்கிவரச் சொன்னார்கள். நாங்கள் போனதோ மாட்டு இரத்தத்துக்காக. என் மனைவி வதனி கால்நடை மருத்துவர். பால் மாடுகளுக்கு இரத்தப் புற்றுநோயைக் கொடுக்கும் ஒரு வைரஸைப் பற்றி ஆய்வு செய்கிறார். போன வருடம் மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கத்தில் ரகீம் நானாவின் மாட்டுப் பட்டியில் இரத்தம் எடுத்திருந்தார். முடிவு வந்துவிட்டது. சில மாடுகளில் கிருமி இருக்கிறது. அதை நானாவிடம் சொல்லி, அயல் பட்டிகளிலும் இரத்தம் எடுக்க வேண்டும்.

முடிவைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, இரத்தத்தைப் பிறகு எடுக்கலாமே என்றேன். வதனி என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு மாசிக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறு மணிக்கு பஸ். பூநகரி வழியாக ஒன்பதே காலுக்கு மன்னார். பாதை நன்றாக இருக்கிறது, இடப்பக்க யன்னல்களில்தான் வெயில் அடிக்கும். மன்னாரில் ஒரு ஓட்டோவை நாளுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குப் பேசினோம். சாரதி என் மடியிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்து, மீன் எடுக்கவோ என்று விசாரித்தார். மாட்டு இரத்தம் எடுக்க என்றேன். அதன்பின் சிலாவத்துறை வரைக்கும் மனிதர் வாயே திறக்கவில்லை.

வழியில் அறுவடை முடிந்த வயல்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்ததும் எல்லோருடைய மாடுகளையும் ஒன்றாக வயலில் மேயவிடுவார்கள். யாருடைய கன்று எது என்று பிறகு சண்டை வரக்கூடாதே என்று, அதற்கு முதல் நாள் எல்லாக் கன்றுகளுக்கும் காதில் குறி வெட்டுவார்கள். வெட்டுகிறவர் ரகீம் நானா. கைராசிக்காரர், வெட்டினால் காது சீழ் பிடிக்காது என்று பெயர். அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்துகூடக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். எல்லாக் காதுகளுக்கும் ஒரே கத்தி, அவருடைய வாப்பா பிடித்த கத்தி. இந்த வருடத்துக் குறிவெட்டு மறுநாள் காலை. வதனி அவசரப்பட்டது அதற்குத்தான்.

நானா எங்களைக் கதிரை போட்டு இருத்தி, இஞ்சித் தேநீர் தந்தார். வதனி சுற்றி வளைக்கவில்லை. எந்தெந்த மாட்டில் கிருமி இருக்கிறது என்று சொன்னார். பெரும்பாலான மாடுகள் ஒன்றும் ஆகாமலே இருந்துவிடும், சிலதுக்குக் கட்டி வரும், மருந்து இல்லை. பாலை வழக்கம்போலக் காய்ச்சிக் குடித்தால் கிருமி செத்துவிடும். நானா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். பிறகு, எப்படித் தொற்றும் என்று கேட்டார். வதனி நேராகவே சொன்னார்.

"ரத்தத்தால நானா. ஒரே ஊசியால, ஒரே கத்தியால."

"என்ர கத்தியாலயோ?"

"இருக்கலாம். அதுதான் எண்டு என்னால அடிச்சுச் சொல்லேலாது. ஆனா நாளைக்கும் அதே கத்தியால வெட்டினா, இந்தப் பட்டியில இருக்கிறது மற்றப் பட்டிக் கண்டுகளுக்கும் போகும்."

நானா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கோபித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பட்டியும் எங்களுக்குத் திறக்காது, வதனியின் ஆய்வும் பாதியில் நிற்கும். வெளிக்கிடுவோமா என்று மெல்லக் கேட்டேன். வதனி அசையவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அது வதனியாக இருந்திருக்காது.

நானா வாசலுக்கு வந்து, கத்தியைக் கொதிக்க வைத்தால் போதுமா என்று கேட்டார். போதும், ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் கொதித்த கத்தி வேண்டும் என்றார் வதனி. அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் இரவு தங்க மன்னாருக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை ஏழரைக்குப் போனால், கந்தூரி விருந்துக்குச் சோறு ஆக்கும் பெரிய கிடாரம் முற்றத்து அடுப்பில் கொதிக்கிறது. உள்ளே அயலிலிருந்த கத்தி அத்தனையும். வெங்காயம் வெட்டுகிறது, மீன் வெட்டுகிறது, எல்லாம். கன்றுகளோடு வந்தவர்கள் கிடாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானா நடுவில் வந்து நின்றார்.

"என்ர பட்டியில மாட்டுக்கு ரத்த வருத்தம் இருக்கு. என்ர கத்தியால உங்கட மாடுகளுக்கும் வந்திருக்கலாம், அதுகளால கண்டுகளுக்கும். ஒளிக்க ஒண்டும் இல்ல. டொக்டர் ரத்தம் எடுப்பா, குடுங்கோ."

முதலில் அரிப்பிலிருந்து வந்தவர் தன் கன்றின் கயிற்றை வதனியிடம் நீட்டினார். அதன்பின் வரிசைதான். வதனி புது ஊசியை எடுப்பார், இரத்தம் எடுப்பார், குப்பியை என்னிடம் தருவார். நானா கிடாரத்திலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஆறவைத்துக் காதை வெட்டுவார், வெட்டிய கத்தி திரும்பவும் கிடாரத்துக்கு. வாப்பாவின் கத்தியும் மற்றவற்றோடு கொதித்துக்கொண்டுதான் கிடந்தது. சாணியும் வியர்வையுமாக நின்ற என் மனைவியைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். மன்னாரிலிருந்து முசலிக்கு பஸ் குறைவு, ஓட்டோவைக் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். நேரம் இருந்தால் தலைமன்னார் இறங்குதுறையையும் பாருங்கள். எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, ஐஸ் கரைவதற்குள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. கருவாடும் வாங்கவில்லை, அலுவலகத்தில் இன்னும் ஏச்சு விழுகிறது.

வெளிக்கிடும்போது ஒருவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று நானாவிடம் கேட்டார். பதினெட்டு வருடம் வங்கியில் வேலை செய்கிறேன், பதவியைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். நானா முந்திக்கொண்டார்.

"எங்கட டொக்டர்ட ஆள். ஐஸ் பெட்டி பிடிக்கிறவர்."

நான் திருத்தவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், ஐஸ் பெட்டிக்காரர் அனுப்பியதாகச் சொல்லிப் பாருங்கள். இஞ்சித் தேநீர் நிச்சயம்.