தாமதமாக வளர்ந்த ஈஸ்ட்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள், பெங்களூரின் டிசம்பர் குளிர். ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் மூத்த ஆராய்ச்சி மாணவி, ஸ்ரீராம்புரத்துப் பெண். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா ஈஸ்ட்டை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செல்லுக்குள் டிஎன்ஏ இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும். அதைத் தளர்த்த ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்துக்கான ஜீனை எடுத்துவிட்டால், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா படுத்துவிடுகிறது என்பது அக்காவின் கட்சி. மைட்டோகாண்ட்ரியா ஓடினால்தான் ஈஸ்ட்டால் கிளிசராலைத் தின்று வளர முடியும். அக்காவின் ஈஸ்ட் வளரவில்லை. எங்கள் வழிகாட்டியோ, "அது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையே தொலைச்ச கெட்ட ஈஸ்ட்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். ஜீனைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். கெட்டுப்போனது என்றால் அப்போதும் வளராது, அக்கா சொல்வது சரி என்றால் வளரும்.

அக்கா வீட்டில் பொறுமை தீர்ந்திருந்தது. சாப்ட்வேர் கம்பெனி ஒன்று பதில் கேட்டு நின்றது. வெள்ளிக்கிழமை மாலை, கடைசி முயற்சியாக, கிளிசரால் தட்டுகளில் ஒரு பாதியில் ஜீனைத் திருப்பிக் கொடுத்த ஈஸ்ட்டையும் மறு பாதியில் கொடுக்காததையும் தடவி, இன்குபேட்டர் என்னும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனோம். திங்கட்கிழமை மாலை திறந்தால் வெறும் தட்டு.

"அவ்ளோதான்டி, முடிஞ்சுது" என்றார். மறுநாளே கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

தட்டுகளைக் கொட்டுவது என் முறை. என் சோம்பல் ஊரறிந்தது. அவை பெட்டியிலேயே கிடந்தன. வாரக் கடைசியில் எடுத்தால் தூக்கிவாரிப் போட்டது. ஜீனைத் திருப்பிக் கொடுத்த பாதியில் ஈஸ்ட் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. கொடுக்காத பாதி காலி.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. சனிக்கிழமை கரண்ட் போயிருக்கிறது. வந்தாலும் அந்தப் பெட்டி தானாக ஓடாது, பொத்தானை அழுத்த வேண்டும். திங்கள் காலையில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், எங்களிடம் சொல்லவில்லை. அதுவரை ஈஸ்ட் குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறது.

போன் செய்தேன். கழுத்தில் கம்பெனி அட்டையோடு அக்கா ஓடி வந்தார். தட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"திரும்பி வந்துடுங்கக்கா."

"ஏன் மாடோது? என்ன பண்றது, சொல்லு? கம்பெனியை விட்டுப் போக மாட்டேன்னு பாண்டுல கையெழுத்துப் போட்டுட்டேனே. நீயே செஞ்சு முடி, இன்னா?"

தட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். பெட்டி ஓடுவதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த வேலையை நான்தான் முடித்தேன், பட்டமும் வாங்கினேன். ஆனால் இன்றும் கரண்ட் போய் வந்தால் முதலில் சூட்டுப் பெட்டியிடம்தான் ஓடுகிறேன். அக்கா இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாமே என்ற ஆற்றாமை என்னை விடுவதில்லை.