என் தம்பி சிட்டாய் வந்த கதை

என் தம்பி பெண்டாட்டி சோய்லா பஸ் நிற்கிற இடத்தில் மோரோச்சோ விற்கிறவள். வெள்ளைச் சோளத்தைப் பாலில் குழையக் குழையக் காய்ச்சி, வெல்லமும் பட்டையும் போட்டு, பக்கத்தில் பாலாடைக்கட்டி பொதிந்து பொரித்த அப்பம் ஒன்றும் வைத்துக் கொடுப்பாள். தலைநகரம் கீத்தோவுக்குப் போகிற பஸ்காரன் பிரேக்கைப் பார்ப்பதற்காகத்தான் எங்கள் ஊரில் நிறுத்துவதாகச் சொல்வான். அவன் பிரேக்கைப் பார்க்கும்போதெல்லாம் வாய் மென்றுகொண்டிருக்கும்.

சோய்லா உழைப்பாளி. கைச்சுத்தம், சிரித்த முகம். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். நான் எதைச் சொன்னாலும் "சரி மதினி" என்பாள், அப்புறம் தன் மனம்போலச் செய்வாள்.

எங்கள் அம்மா இருந்தவரை அவளுக்கு அந்தச் "சரி"யும் போதவில்லை. அம்மா யாரிடமிருந்தும் எதையும் வாங்காதவள். சோய்லா சூப் வைத்துக் கொண்டுபோனால் "வச்சிட்டுப் போ" என்பாள். சூப் பன்றித் தொட்டிக்குப் போகும். ஒருமுறை சோய்லா கம்பளிச் சால்வை பின்னிக் கொடுத்தாள். அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நூல் குத்துது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சால்வை இன்னும் சோய்லாவிடம் இருக்கிறது. நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். குத்தவில்லை. ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான்.

என் தம்பி ஹசிந்தோ கரும்பாலையில் வெல்லம் காய்ச்சினவன். இனிப்பு என்றால் உயிர். எப்போதும் மங்கலான பச்சைச் சட்டை. யார் வீட்டுக்கும் கதவைத் தட்டாமல் போவான், யார் பேச்சிலும் மூக்கை நுழைப்பான். அம்மா போன பிறகு ஒரு நாள் பாகுக் கொப்பரை பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. சோய்லா முறைப்படி கறுப்பு உடுத்தினாள். வருஷம் கழிந்தும் உடுத்தினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீலத்தில் வந்தாள். நான் பார்க்காதது போல இருந்தேன். ஆனால் பார்த்தேன்.

அந்த நீலத்துக்குக் காரணம் பால் லாரி ஓட்டுகிற அர்செனியோ. கல்யாணமே ஆகாத மனுஷன். பனிக்காற்றில் ஓட்டி ஓட்டி மூக்கு தக்காளிப்பழமாகிவிட்டது. கழுத்தில் அவர் தங்கை பின்னின சிவப்புக் கம்பளி மப்ளர். இரண்டு காதிலிருந்தும் வெள்ளை முடி சோளக்குஞ்சம் போல வெளியே நிற்கும். பேச்சு என்று பார்த்தால் கேனிலிருந்து பால் ஊற்றுகிற சத்தம்தான். சோய்லா கடைக்கு மட்டும் அவர் ஊற்றும்போது கேன் கொஞ்சம் கூடவே சாயும்.

எங்கள் மலையில் ரீங்காரச்சிட்டுக்குப் பஞ்சமில்லை. கட்டைவிரல் அளவு உடம்பு, ஊசி அலகு. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அது பூவிடம் போனால் பறவை. மனுஷன் முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்றால் பறவை இல்லை, போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர். ஏதோ சொல்ல வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்ற வேண்டும், அசையக் கூடாது, அது தானாகப் போகும்வரை கையை வீசக் கூடாது. எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

விதவையைக் கேட்டு வருகிறவன், போனவன் வீட்டு மூத்தவர்களிடம்தான் தட்டு கொண்டுவர வேண்டும். மூத்தவள் என்று மிச்சமிருந்தவள் நான். வறுத்த கூய், அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, ஒரு பாட்டில் சாராயம். தட்டில் நான் கை வைத்தால் சம்மதம். வைக்காவிட்டால் தட்டு வந்த வழியே போகும், கல்யாணமும் கூடவே போகும். கூய் என்பது எங்கள் அடுப்படியில் முயல்குட்டி போல ஓடித் திரிகிறதே, அதுதான். அன்றைக்கு அது தோல் முறுகலாக, வாசனையாக வந்திருந்தது.

அர்செனியோவை அழைத்து வந்தவள் அவர் தங்கை பிலோமெனா. எல்லோரும் உட்கார்ந்தோம். சோய்லா சுவரோரம் நின்றாள்.

"தோன்யா தொமித்திலா, எங்க அண்ணன் ரொம்ப நல்லவரு" என்று என்னிடம் சொன்னாள் பிலோமெனா. "குடிக்க மாட்டாரு. திருவிழாவுக்கு மட்டுந்தான்."

"எந்தத் திருவிழாவுக்கு?"

"எல்லாத் திருவிழாவுக்கும்."

"ஏன், அவரு பேச மாட்டாரா?"

அர்செனியோ தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக விர்ரென்று ஒரு சிட்டு உள்ளே வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றது.

நல்ல வளர்ப்பு, குறை சொல்ல மாட்டேன். உடனே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கல்லாய்ச் சமைந்தார். சிட்டு அவர் மூக்கை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, அலகை இடது துவாரத்துக்குள் விட்டுத் துழாவியது. அங்கே தேன் இல்லை என்று தெரிந்ததும் வலது துவாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது. அதைப் பார்க்கப் போய் அர்செனியோவின் கண்கள் இரண்டும் நடுவில் வந்து சந்தித்துக்கொண்டன.

"அசையாத அண்ணே" என்றாள் பிலோமெனா. "மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ."

சிட்டு கீழே இறங்கி மப்ளரைக் கொத்தி இழுத்தது. மறுபடி மேலே போய், காதுக்குஞ்சத்தைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அர்செனியோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியும் கையைத் தூக்கவில்லை. ஆனால் தும்மல் யார் சொன்னால் கேட்கும்? ஓட்டுக்கூரை அதிர ஒரு தும்மல். சிட்டு ஜன்னல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதன் அலகில் வெள்ளையாக ஓர் இழை ஆடியது. சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன்.

"ஹசிந்தோ" என்றேன்.

"அவருதான்னு எப்படி மதினி சொல்றீங்க?" என்றாள் சோய்லா.

"மங்கல் பச்சைச் சட்டை. கேக்காம வீட்டுக்குள்ள வந்தான். அடுத்தவன் மூக்குல மூக்க விட்டான். வேற யாரா இருக்கும்?"

அவள் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "அவரு என்ன சொல்றாராம்?" என்றாள்.

"காதப் புடிச்சு இழுத்தா என்னடி அர்த்தம்? எந்திரிச்சுப் போடான்னு அர்த்தம்."

தட்டு போய்விட்டது. கூயும் போய்விட்டது. வாசனை மட்டும் சாயங்காலம் வரை வீட்டில் இருந்து என்னை வதைத்தது.

சோய்லா அழவில்லை. வாசல்படியில் நின்று, "அவரு மனசு மாறினா?" என்று கேட்டாள்.

"மாறினான்னு எனக்குக் கண்ணால தெரிஞ்சா அன்னைக்கே தட்டுல கை வைக்கிறேன்."

"சரி மதினி" என்றாள்.

மறுநாளே ஹசிந்தோவுக்குக் கையூட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு சிவப்புக் குவளையில் வெல்லத் தண்ணீர் கரைத்துக் கடைக்கூரையில் தொங்கவிட்டாள். இனிப்புக்கு மயங்காத ஆளா அவன்? வந்தான். அவனோடு இன்னும் பல பேர் வந்தார்கள். ஊதாக் கழுத்து, நீள வால், பொன் நெற்றி என்று குவளையைச் சுற்றிச் சந்தை கூடிவிட்டது.

"உசுரோட இருக்கையில ஒருத்தரையே சமாளிக்க முடியல மதினி" என்றாள் சோய்லா. "இப்ப எத்தன பேரு பாருங்க."

"மங்கல் பச்சை மட்டுந்தான் நம்மாளு. மினுங்குறதெல்லாம் வேற வீட்டு ஆளுங்க."

இதை நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ரொசெந்தோ காதில் விழுந்துவிட்டது. ஊதாக் கழுத்தைப் பார்த்து, "அது எங்க தாத்தா, அவருக்கு அந்தக் கலர்ல கழுத்துக்குட்டை உண்டு" என்றான். நீள வால் தன் பெரியப்பா என்றாள் அவன் பக்கத்து வீட்டுக்காரி. அந்த இரண்டு கிழவர்களும் உயிரோடிருந்தபோது ஒரு கொய்யாமரம் யாருக்கு என்று அடித்துக்கொண்டவர்கள். இப்போது குவளையண்டை ஊதாக் கழுத்து நீள வாலைத் துரத்தவும், இரண்டு வீட்டுக்கும் மறுபடி பேச்சு நின்றுபோனது. மரம் செத்து விறகாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

வழக்கு பங்குச் சாமியாரிடம் போயிற்று. அவர் கடைக்கே வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "பறவைங்களப் பத்தித் திருச்சபைக்கு ஒரு கருத்தும் இல்ல" என்றார். "மோரோச்சோவப் பத்தித்தான் எனக்கு ஒண்ணு இருக்கு. இன்னொரு தம்ளர் ஊத்தும்மா."

அர்செனியோ தினமும் காலையில் பால் கொண்டுவந்தார். மங்கல் பச்சையும் தினமும் அவரிடம் வந்தது. கேனை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். அது மப்ளரைக் கொத்தும், காதைப் பிடுங்கும், போகும். அடுத்த ஊரில் பால் தாமதம் என்று ஏசினார்கள். அப்படியும் ஒருநாள்கூடக் கையை வீசவில்லை. மப்ளர் மெலிந்து மெலிந்து நாடா போலாயிற்று.

"வலிக்குதா?" என்று சோய்லா கேட்டாளாம்.

"கூச்சமா இருக்கு" என்றாராம் அவர். காதைத் தடவிக்கொண்டே, "பழகிடுச்சு. அவரும் மனுஷன்தானே" என்றாராம்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது என் மனம் சற்று இளகத்தான் செய்தது. ஆனால் ஹசிந்தோ காதை இழுப்பதை நிறுத்தாமல் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு நாள் சோய்லா ஆள் அனுப்பினாள். போனேன். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அடுப்புக்கு மேலே தொங்குகிற பல்பு வயரில் பாதி எலுமிச்சம்பழ மூடி அளவில் ஒரு கூடு. சிலந்தி நூலும் பாசியும் வைத்துக் கட்டியது. சிட்டு வெளியே போயிருந்தது. சோய்லா நீளக் கரண்டியில் கைக்கண்ணாடியைக் கட்டி மேலே தூக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக, மொச்சைக்கொட்டை போல இரண்டு.

"ஹசிந்தோ முட்டை போட்டிருக்காரு மதினி" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவரால் ஆகாதது எதுவுமில்லை. ஆனால் என் தம்பியால் ஆகாதது நிறைய உண்டு. அடுப்பில் சோளம் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நன்றாக யோசித்தேன்.

"அப்ப அது ஹசிந்தோ இல்ல" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "இல்லதானே மதினி?"

"இல்ல. அது அம்மா."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "எந்த அம்மா?"

"எங்க அம்மாதான். உன் மாமியாரு. கேக்காம வீட்டுக்குள்ள வர்ற பழக்கம் தம்பிக்கு யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச? அவனோட அந்த மங்கல் பச்சைச் சட்டையும் அம்மா பாவாடைத் துணியில மிஞ்சினதுதான்."

சோய்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "இம்மாம்பெரிய மலைய விட்டுட்டு என் அடுப்புக்கு மேலயா வந்து உக்காரணும்?"

"மருமக சமையலப் பாக்க வேண்டாமா?"

சிட்டு திரும்பி வந்தது. எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டில் அடங்கி உட்கார்ந்தது. அம்மாவின் பார்வையேதான், நான் சத்தியம் செய்வேன். சோய்லா அடுப்பை ஒரு தரம் துடைத்தாள். கரண்டியை நேராக வைத்தாள். சிட்டு மறுபடி எழுந்து போகும்வரை பாத்திரங்களை அடுக்கினாள். அது போனதும் கண்ணாடியை உயர்த்தினாள்.

"முட்டைக்கு அடியில பாருங்க மதினி."

பார்த்தேன். கூட்டின் உள்பக்கம் முழுக்கச் சிவப்புக் கம்பளி, மெத்தை போல. அதற்கு மேல் வெள்ளையாக, சுருள் சுருளாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முடி.

"உங்க அம்மா யாருகிட்டயாவது எதயாவது வாங்கியிருக்காங்களா?" என்றாள்.

"இல்ல."

"எங்கிட்ட?"

"அதான் இல்லங்கிறேனே."

"என் சால்வைய என்ன சொன்னாங்க?"

"நூல் குத்துதுன்னா."

"இப்ப அர்செனியோ மப்ளருமேலதான் உக்காந்திருக்காங்க, புதுசாப் போட்ட முட்டையோட. குத்துதுன்னு எந்திரிக்கலயே."

கண்ணாடியை இன்னொரு தரம் பார்த்தேன். பிடுங்கினது கோபத்தில் இல்லை, படுக்கைக்கு. உயிரோடிருந்தபோது ஒரு கிண்ணம் சூப் வாங்காத பொம்பளை ஒருவனிடம் தானே தேடிப் போய், தினமும் போய், கேட்டு வாங்கியிருக்கிறாள். இதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும்?

"தட்டக் கொண்டுவரச் சொல்லு" என்றேன். "கூய் போன தடவ மாதிரியே முறுகலா இருக்கணும்."

"சரி மதினி" என்றாள். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நான் சொன்னபடியே செய்தாள்.

குஞ்சுகள் பறக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம். அதுவரை அந்தப் பல்பை யாரும் போடவில்லை, சூடு ஆகாது என்று. சோய்லா தாளிக்கும்போதுகூட மேலே பார்த்து, "புகை வருதுங்களா அத்தை?" என்று கேட்டுக்கொண்டாள்.

அது வெறும் பறவை என்று சொல்கிறவர்கள் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள். சொல்லட்டும். வந்தது எங்கள் வீட்டு ஆள் என்று நான் முதலிலிருந்தே சொன்னேன். எந்த ஆள் என்பதில்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆயிற்று.

கல்யாணத்தன்று காலையில் அர்செனியோவைப் பலகையில் உட்காரவைத்து முடி வெட்டினார்கள். நாவிதன் தலையை முடித்தான், மீசையை ஒதுக்கினான், பிறகு கத்தரியைக் காதுப் பக்கம் கொண்டுபோனான்.

"அங்க கை வைக்காதே" என்றேன். "அது எங்க அம்மாவுக்கு."