அலுமினியத்தின் மேல் போட்ட பழி

ஒரே தாலாட்டைப் பல வாய்களிற் கேட்டு, எந்த வரி எந்த வீட்டில் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுவது என் தொழில். நினைவு தடுமாறினால் இதில் மிஞ்சுவது ஒலிப்பதிவுக் கருவி மட்டுமே. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் அன்பர்களுக்கு என் நிலை விளங்கும்.

கொட்டாஞ்சேனையில் கிடைத்த வரி

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் செல்வமணி, பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவரது தாலாட்டில், மலைநாட்டில் நான் எங்குமே கேட்டிராத யாழ்ப்பாண வரியொன்று இருப்பதாக எழுதிவைத்திருந்தேன். அது மலையேறிய வழியை ஆராய்ந்து, நீண்ட அடிக்குறிப்பும் எழுதி, சரிபார்ப்பதற்காக மறுபடி சென்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்த வரி எங்க பாட்டுல இல்லீங்க ஐயா. மொதத் தடவ வந்தப்ப நீங்கதான் எனக்குப் பாடிக் காட்டுனீங்க."

தேசிக்காய்ச் சாறு

தொகுப்பு அச்சுக்குப் போகவேண்டிய நேரம். என் நினைவை நம்ப முடியாதென்றால், அத்தனை வருட உழைப்பையும் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அலுமினியம் மூளையைக் கெடுக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். நெஞ்செரிவுக்கு நான் நாள்தோறும் குடிக்கும் வெள்ளை மருந்திலும் அதுவே இருந்தது. குற்றவாளி அகப்பட்ட நிம்மதியுடன் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வைத்தியரிடம் போனேன்.

வயிற்றுக்குள் போகும் அலுமினியத்தில் மிகச் சிறு பங்கே இரத்தத்திற் சேரும் என்றார் அவர். அங்கே இரும்பைச் சுமக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகம் நலமாயிருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும், பழுதடைந்தால் எலும்பிலும் மூளையிலும் தங்கும். மருந்தை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சுவைக்காகத் தேசிக்காய்ச் சாறு கலந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த எலுமிச்சைப் புளிப்பு அலுமினியத்தைக் கூடுதலாக உடம்பிற் சேர்க்குமாம்.

"தாலாட்டிலை பாடபேதம் இருக்கலாம் ஐயா. மருந்து குடிக்கிறதிலை வேண்டாம்."

ஆய்வுகூடத்தில்

வைத்தியர் அனுப்பிய ஆய்வுகூடத்தில், சிறுநீரைத் தாங்கள் தரும் கழுவிய பிளாஸ்டிக் போத்தலிலேயே கொண்டுவரச் சொன்னார்கள். காற்றிலுள்ள தூசியே கணக்கைக் கெடுத்துவிடுமாம். தூசி என்றதும் என் நுணுக்கம் விழித்துக்கொண்டது. போத்தலின் வாயை, குசினியில் சமையலுக்கு வைத்திருந்த பளபளப்பான அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, அதன்மேல் மூடியைத் திருகி, பெருமையோடு நீட்டினேன்.

பரிசோதிக்கும் பெண் மூடியைத் திறந்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு துளியைச் சிறிய உலையில் ஆவியாக்கி, அதிலுள்ள அலுமினிய அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று அளக்கும் முறையை விளக்கிவிட்டு, வேறொரு போத்தலைத் தந்தார்.

"இதை அளந்தால், சேர், உங்கட குசினிதான் தெரியும்."

முடிவு

அலுமினியம் சாதாரண அளவிலேயே இருந்தது. சிறுநீரகமும் நலம். பழிபோட ஆளின்றித் தொங்கிய முகத்துடன் வீடு வந்தேன். என் சொற்படி அலுமினியச் சட்டிகளையெல்லாம் பரணில் ஏற்றியிருந்த மனைவி, அவற்றை இறக்கினார். பிறகு செல்வமணியின் முதல் ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். அவர் வாய் திறக்குமுன்பே என் குரல் அந்த வரியை உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தது. மற்றப் பதிவுகளிலும் வேறு வேறு வரிகளோடு அப்படியே. பாட வந்தவர்களுக்கெல்லாம் நானே பாடிக் காட்டியிருந்தேன்.

"உங்களுக்கு மறதியில்லை, வாய்தான் சும்மா இருக்காது. தொகுப்பை ஆரிட்டையும் குடுக்க வேண்டாமப்பா. உங்கட வரியளை வெட்டிப்போட்டு, இனி அவையள் பாடேக்கை வாயை மூடிக்கொண்டிருங்கோ, அது போதும்."

உடம்பிலுள்ள அலுமினியத்தை அளக்க ஓர் உலை வேண்டியிருக்கிறது. ஆய்வாளனின் வாயை அளக்க மனைவியின் காது போதும்.